மானிட்டர் வாங்கும் முன் அறையை அளந்துவிடுங்கள்

பாட்டை மிக்ஸ் செய்ய, அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலக்க, எந்த மானிட்டர் ஸ்பீக்கர் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, உங்கள் அறையின் நீள அகலம் என்ன என்றுதான். மானிட்டரின் வேலை உள்ளதை உள்ளபடி சொல்வது. குரலில் உறுத்தல் இருந்தால் அது உறுத்தலாகவே கேட்க வேண்டும். ஆனால் எவ்வளவு நேர்மையான ஸ்பீக்கரையும் அறை பொய் சொல்ல வைத்துவிடும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

என் முதல் ஜோடி ஸ்பீக்கரில், அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பிலிருந்து ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவர் வரை 60 சென்டிமீட்டர். எந்தப் பாட்டை மிக்ஸ் செய்தாலும் பேஸ் கிட்டார் ஒல்லியாகவே கேட்டது. ஏற்றி வைத்தேன். அதையே காரில் போட்டால் கதவு அதிர்ந்தது. ஒருநாள் பேஸ் கிட்டாரை எடுத்து, ஜி கம்பியில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக, அதாவது ஸ்வரப் படியாக, ஏறி வாசித்துப் பார்த்தேன். நாலாவது வரை திடமாக வந்த ஒலி ஆறிலும் ஏழிலும் மெலிந்துபோய், ஒன்பதில் திரும்ப வந்தது. விரலின் அழுத்தம் ஒன்றுதான். கம்பி அதிர்வது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு வந்து சேரவில்லை.

தாழ்ந்த ஒலி ஸ்பீக்கரின் பின்பக்கமும் பரவும். சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது, கூம்புக்கும் சுவருக்கும் உள்ள தூரம் அலைநீளத்தில் கால்பங்காக இருந்தால், முன்னால் போகும் ஒலியை அடித்துவிடும். கணக்கு எளிது: ஒலி ஒரு நொடியில் போகும் 343 மீட்டரை, மீட்டரில் அளந்த தூரத்தின் நான்கு மடங்கால் வகுங்கள். 0.6 மீட்டருக்கு 143 ஹெர்ட்ஸ். ஏழாவது ஃப்ரெட்டின் ஸ்வரம் 147. குற்றவாளி சுவர்தான்!

கூம்புக்கும் சுவருக்கும் 30 சென்டிமீட்டர் இருக்கும்படி நகர்த்தினேன். ஒலி மெலியும் அந்தப் பள்ளம் 286 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிட்டது. அங்கே ஒலியை உறிஞ்சும் ராக்வூல் பேனல் ஓரளவு கைகொடுக்கும். 143-இல் மெல்லிய பேனலால் பெரிதாகப் பயனில்லை. சுவரை நெருங்கினால் மொத்த பேஸும், அதாவது தாழ்ந்த ஒலியும், கூடும், அதை ஸ்பீக்கரின் பின்பக்க ஸ்விட்சில் குறைத்துக்கொள்ளலாம். என் மானிட்டரில் காற்றுத் துளை முன்பக்கம் என்பதால் இவ்வளவு நெருக்க முடிந்தது. துளை பின்னால் இருந்தால், கையேடு சொல்லும் இடைவெளியை விட்டே ஆக வேண்டும்.

சின்ன அறைக்கு 5 அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலி தரும் கூம்பு) போதும் என்பது என் தீர்மானமான கருத்து. 8 அங்குலம் அங்கே அறையின் குமுறலைத்தான் கூட்டும். பேஸ் கிட்டாரின் ஆகத் தாழ்ந்த ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ். சிறிய வூஃபர் அதை முழுசாகத் தராது, அந்தப் பகுதியை ஹெட்போனில் சரிபாருங்கள். கடையில் இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது நீங்கள் மனப்பாடமாக அறிந்த பாட்டையே போடுங்கள், இரண்டின் சத்தத்தையும் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். சத்தம் கூடியது எப்போதும் நல்லதாகவே தோன்றும்.

யமஹா என்எஸ்10, 1978-இல் வீட்டில் பாட்டுக் கேட்பதற்காக வந்த ஸ்பீக்கர். அடி பேஸ் அதில் குறைவு. ஆனாலும் குரலும் கிட்டாரும் மோதும் நடுப்பகுதியை அது அப்பட்டமாகக் காட்டியதால் உலகம் முழுக்க ஸ்டுடியோக்களில் உட்கார்ந்துகொண்டது. குறையுள்ள ஸ்பீக்கரானாலும் அதன் குணம் அத்துப்படியாக வேண்டும். அதனால் புது ஜோடி வந்ததும் இரண்டு வாரம் அதில் மற்றவர்களின் பாட்டுகளை மட்டும் கேளுங்கள்.

இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமையட்டும். உயர்ந்த ஒலி தரும் ட்வீட்டர் காது உயரத்தில் இருக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே, நண்பர் ஒருவரைப் பக்கச்சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடம்தான் பேனல் மாட்ட வேண்டிய இடம். முட்டை அட்டை ஒட்டிப் பயனில்லை.

காது சத்தத்துக்கு ஏற்ப மாறும் என்பதை 1933-லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் அளந்து காட்டிவிட்டார்கள்: ஒலியைக் குறைத்தால் பேஸ்தான் முதலில் மறையும். நான் 75 டெசிபல் அளவில் வேலை செய்கிறேன், வால்யூம் குமிழில் அந்த இடத்தில் வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறேன். குரலின் அளவை முடிவு செய்ய மட்டும், பக்கத்தில் பேசினால் பாட்டு அமுங்கிப்போகும் அளவுக்கு இறக்கிவிடுவேன். அப்போதும் வரிகள் புரிந்தால் குரலைத் தொடுவதில்லை.