ராக் கிளப் நடத்த வேண்டுமா? மதியமே வந்துவிடுங்கள்

ராக் கிளப் முதலாளி என்றால் தினமும் முன்வரிசையில் நின்று தலையாட்டுகிறவன் என்று நினைக்கிறார்கள். என் கிளப்பில் நடக்கும் கச்சேரி எதையும் நான் முழுதாக நின்று பார்ப்பதில்லை. பாட்டு ஓடும்போது வாசலில் ஒரு கண், பாரில் ஒரு கண், நடுவே கழிவறைப் பக்கம் ஒரு நடை. கூட்டம் உள்ளே வந்துவிட்டால் பெரிதாக எதையும் சரிசெய்ய முடியாது. மதியம் செய்து வைத்ததுதான் இரவில் கைகொடுக்கும்.

அதற்கும் முன்னால் இடம். சுவருக்குக் கறுப்புப் பெயின்ட் அடிக்கும் முன் குத்தகைப் பத்திரத்தை வக்கீலிடம் காட்டுங்கள். நியூயார்க்கில் ஹில்லி கிறிஸ்டல் 1973-இல் தொடங்கிய சிபிஜிபி, கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ் இசைக்காகப் பெயர் வைத்த இடம். வந்து சேர்ந்ததோ ராமோன்ஸ், டெலிவிஷன் என்ற ராக் குழுக்களும் பாட்டி ஸ்மித் என்ற ராக் பாடகியும். 2006-இல் அது மூடப்பட்டதற்கு வாடகைத் தகராறுதான் காரணம், ரசிகர்கள் வராமல் போனது அல்ல. குழுக்கள் சொந்தப் பாட்டு வாசிக்க வேண்டும் என்பது கிறிஸ்டலின் நிபந்தனை. நானும் அதையே வைத்திருக்கிறேன். பிறர் பாட்டை அச்சாக வாசிக்கும் குழுவுக்கு முதல் தடவை கூட்டம் வரும். அப்புறம் வருவது சந்தேகம்.

இனி மதிய வேலை. கடைசியில் வாசிக்கும் பெரிய குழுவுக்குத்தான் முதலில் சவுண்ட் செக், அதாவது மேடையில் வாசிக்க வைத்து ஒலியைச் சரிபார்ப்பது. முதலில் வாசிக்கும் சின்னக் குழுவைக் கடைசியாக ஏற்றுங்கள். அப்போதுதான் அவர்களுடைய டிரம்ஸும் மைக்கும் வைத்தது வைத்தபடி இருக்கும், கதவு திறந்ததும் ஆரம்பித்துவிடலாம். மேடைக்கான மின் இணைப்பு தனியாக இருக்கட்டும். லைட் டிம்மரும் பாரின் பிரிட்ஜும் அதே லைனில் இருந்தால் ஸ்பீக்கரில் இரவு முழுக்க ஒரு ரீங்காரம் ஓடும்.

சின்ன அறையில் டிரம்ஸ் சத்தத்தைத் திருகிக் குறைக்க வழி கிடையாது. ஆகவே மற்றதையெல்லாம் டிரம்ஸுக்கு ஏற்ப வையுங்கள். கிட்டார்காரர் "எனக்கே கேட்கவில்லை" என்று ஆம்ப் என்ற தன் ஒலிபெருக்கிப் பெட்டியின் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார். ஆம்ப் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலுக்கு வாசித்துக்கொண்டிருந்தால் எப்படிக் கேட்கும்? ஸ்டூல் மேல் தூக்கி, காதைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள், அவரே குறைத்துவிடுவார். வாக்குவாதத்தைவிட ஸ்டூல் மலிவு. காலி அறையில் டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலும் குரலும் கூசுகின்றன என்று பதறவும் வேண்டாம். கூட்டம் நிறைந்ததும் உடம்பும் உடையும் அந்தக் கூச்சத்தில் பாதியை விழுங்கிவிடும்.

பேஸ் என்ற அடித்தொனி ஒலி மட்டும் அப்படி அடங்காது, சுவரைத் தாண்டிப் போகும். காலால் அடிக்கும் கிக் டிரம்மையும் பேஸ் கிட்டாரையும் மட்டும் வாசிக்கச் சொல்லிவிட்டு வெளியே போய்ப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குக் கீழே நில்லுங்கள். புகார் அங்கிருந்துதான் வரும். உள்ளே சத்த அளவுக்கு ஒரு மீட்டர் வாங்கி ஒலியைக் கலக்கும் மிக்ஸர் கருவியின் பக்கத்தில் மாட்டுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்ன உச்சவரம்பு, 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபல். காது அடைப்பான்களை பாரில் இலவசமாக வையுங்கள், ஊழியர்களுக்கு முதலில்.

கதவு திறப்பதற்கு முன் ஒவ்வொரு அவசர வழியையும் நீங்களே கையால் தள்ளிப் பாருங்கள். ஊழியரை அனுப்பாதீர்கள். 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் என்ற கிளப்பில், மேடையில் கொளுத்திய வாணத்தின் பொறி சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் நுரையில் பற்றியது. 100 பேர் இறந்தார்கள். வேறு வழிகள் இருந்தும், பெரும்பாலோர் தாங்கள் உள்ளே வந்த வாசலையே நோக்கி ஓடி அங்கே நெரிசலில் சிக்கினார்கள். என் கிளப்பில் வாணம் கிடையாது, எவ்வளவு பெரிய குழு கேட்டாலும் சரி. சத்தத்தைக் குறைக்க நுரை ஒட்டுவதானால் தீப்பற்றாத சான்றிதழ் உள்ளதையே வாங்குங்கள். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு டிக்கெட்டும் விற்காதீர்கள். குழுவின் நண்பர்களும் அந்த எண்ணிக்கையில் சேர்த்திதான்.

அடுத்தது பணம். குழுவோடு வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் இருக்கட்டும். வழக்கமான ஏற்பாடு இது: உறுதித் தொகை அல்லது செலவு போன மிச்சத்தில் ஒரு சதவீதம், இவற்றில் எது அதிகமோ அது குழுவுக்கு. வசூல் 100, செலவு 30, பங்கு 70 சதவீதம், உறுதித் தொகை 40 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 70-இல் குழுவுக்கு 49. வசூல் 60 ஆனால் மிச்சம் 30, பங்கு 21தான் வரும். ஆனாலும் 40 கொடுத்தாக வேண்டும். உங்களுக்கு 10 நஷ்டம். எதெது செலவுக் கணக்கில் சேரும் என்பதைத் தேதி கொடுக்கும்போதே எழுதிவிடுங்கள். நள்ளிரவில் போஸ்டர் செலவைப் பற்றி டிரம்மரோடு பேச முடியாது, அவருக்குக் காது இரைந்துகொண்டிருக்கும்.

அந்த நஷ்டத்தை ஈடுகட்டுவது பார். அது ஓடாவிட்டால் நிறைந்த கூட்டத்தாலும் பயனில்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இருந்த ஹசியெண்டா கிளப், கூட்டம் அலைமோதிய காலத்திலும் பணத்தை இழந்தது. வந்தவர்கள் போதை மாத்திரையோடு ஆடினார்கள், மதுவை வாங்கவில்லை. எப்படியானாலும் குடிதண்ணீர் இலவசமாக இருக்கட்டும்.

கச்சேரி முடிந்ததும் குழு கேட்பதற்கு முன் பணத்தை எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். அவர்கள் வண்டியில் சாமான் ஏற்றும்போது மேடையை ஒரு சுற்று பாருங்கள். கேபிள், பெடல் அடாப்டர், கிட்டார் பட்டை என்று ஏதாவது கிடக்கும். தேதியும் குழுவின் பெயரும் எழுதி ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள், மறுநாள் போன் வரும்.