மோஸ்ட் வான்டடில் புதிய கார் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

2005-இல் வந்த 'நீட் ஃபார் ஸ்பீட்: மோஸ்ட் வான்டட்' என்ற கார்ப் பந்தயக் கணினி ஆட்டம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வீடுகளில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. இங்கே சாட்ஸ்வொர்த் பகுதிப் பையன்களுக்கு அதிலுள்ள பிஎம்டபிள்யூ போதவில்லை; 1984 முதல் 2009 வரை இந்நாட்டிலேயே தயாரான ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் கார் வேண்டுமாம். நியாயமான ஆசைதான். ஆனால் நாங்கள் அன்று பட்ட பாட்டையே இவர்களும் படுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஜிப் கோப்பைப் பிரிக்காமல் போடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

பதிப்பைப் பாராமல் தொடங்குவது

ஆட்டத்தின் 1.3 பதிப்பு இல்லையேல் தொடாதீர்கள். ஆட்டத்தைத் திறக்கும் ஸ்பீட்.எக்ஸ்இ கோப்பு 6,029,312 பைட் இருக்க வேண்டும்.

பொதுக் கோப்பின் மேல் பொதுக் கோப்பைப் போடுவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். காரின் உருவம் கார்ஸ் ஃபோல்டரில் தனியாக இருக்கும். அதன் வேகம், எடை, கியர் எல்லாம் குளோபல் ஃபோல்டரிலுள்ள அட்ரிபியூட்ஸ்.பின் என்ற ஒரே கோப்பில், மற்றக் கார்களோடு சேர்ந்து கிடக்கும். சில மோட்களில், அதாவது ரசிகர்கள் செய்து தரும் கூடுதல் கோப்புத் தொகுப்புகளில், இந்தக் கோப்பையே முழுதாக வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். "மாற்றவா?" என்று கணினி கேட்கும், பையனும் யோசிக்காமல் "ஆம்" என்பான். அதுவரை சேர்த்த கார்களின் விவரம் அத்தனையும் அந்த நொடியே காலி.

எங்கள் தெருத் தம்பி ஒருவன் ஆட்டத்தில் ஒவ்வொருவராக வெல்ல வேண்டிய எதிரிகளின் பட்டியலான பிளாக்லிஸ்டில் மூன்றாம் இடம்வரை வந்திருந்தான். கராஜில் நின்றது முந்தைய வாரம் சேர்த்த கார். அன்று இன்னொரு காரைச் சேர்த்தான். சேமித்த ஆட்டம் இல்லாத காரைத் தேடியது. திறக்கும்போதெல்லாம் திரை கறுத்து, ஆட்டம் மூடிக்கொண்டது. "அண்ணா, முதலிடத்து ரேசரை ஜெயிக்க இன்னும் கொஞ்சம்தானே இருந்தது" என்று என் முன்னால் அழாத குறை. டாக்குமென்ட்ஸில் இருக்கும் சேமிப்பு ஃபோல்டரை அவன் நகல் எடுத்திருந்தால் போதும். கேட்டால், "எடுக்க வேண்டுமா?" என்கிறான்!

ஆகவே, கார் விவரங்களைத் திருத்தும் விஎல்டி-எட் என்ற மென்பொருளுக்கான ஸ்கிரிப்டாக வரும் மோட்களையே எடுங்கள்; அவை உங்கள் கோப்பில் தேவையான வரிகளை மட்டும் எழுதும். ஒவ்வொரு காருக்கும் முன்பு குளோபல் ஃபோல்டரையும் சேமிப்பையும் அந்தக் காரின் பெயரிலேயே நகல் எடுங்கள். ஒரு காரைச் சேர்த்து, ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்தது. லோட் ஷெடிங் என்னும் மின்வெட்டு வரக்கூடிய நேரத்தில் வேண்டவே வேண்டாம். எழுதும்போது மின்சாரம் போனால் கோப்பு அரைகுறையாக நிற்கும்.

சேர்ப்பதா, மாற்றுவதா என்று படிக்காமல் விடுவது

மாற்று மோட் ஏற்கெனவே உள்ள காரை விழுங்கிவிடும். கோல்ஃப் ஜிடிஐ இடத்தில் உங்கள் காரை வைத்தால், பிளாக்லிஸ்டில் பதினைந்தாம் இடத்து எதிரி சன்னியும் அதில்தான் வந்து நிற்பான். சிலருக்கு அது வேடிக்கை, எனக்கு இல்லை.

புரோகிராம் ஃபைல்ஸில் நிறுவுவது

அங்கே நீங்கள் மாற்றும் கோப்புகளை விண்டோஸ் வேறிடத்துக்குத் திருப்பிவிடும். சி டிரைவில் தனி ஃபோல்டர் போதும்.

அழகுக்கு ஆசைப்படுவது

இது 32 பிட் ஆட்டம்; ஓரளவுக்கு மேல் நினைவகத்தைப் பயன்படுத்த முடியாது. இன்றைய ஆட்டங்களிலிருந்து பெயர்த்தெடுத்த கனமான கார்களை அடுக்கினால், போலீஸ் துரத்தலின் நடுவே நினைவகம் தீர்ந்து ஆட்டம் நின்றுவிடும்.