பென்ஸ் வாங்கப் போகிறீர்களா? முதலில் சீற்றுக்கு அடியில் பாருங்கள்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் பிரதேச செயலகத்தில் வாகன வருமான அனுமதிப்பத்திரம் கொடுக்கும் கவுண்டரில் பல வருஷம் இருந்தவள். பதிவுப் புத்தகங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. அதனால்தான் தங்கச்சியின் மகன், "பெரியம்மா, உப்புவெளியில ஒரு பழைய பென்ஸ் நிக்குது, ஒருக்கா வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டான். திருகோணமலை நிலாவெளி ஹோட்டல்களுக்குக் கல்யாணக் காராக ஓடவிடுவது அவன் யோசனை. கறுப்பு நிற ஈ 200, புத்தகத்தில் 2012.

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் உள்ளே இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. ஆகவே பெயின்டையும் பளபளப்பையும் பிறகு பார்க்கலாம், முதலில் சேஸிஸ் இலக்கம், அதாவது காரின் உடலில் குத்தியிருக்கும் அடையாள இலக்கம்.

ஜேர்மன் கார் என்றால் அது 17 எழுத்தும் இலக்கமுமாக இருக்கும். விரல் வைத்து எண்ணுங்கள். அந்தக் கால பென்ஸில் பெரும்பாலும் டபிள்யூ, டி, டி என்று தொடங்கும். பிஎம்டபிள்யூவில் டபிள்யூ, பி, ஏ. ஆடியில் டபிள்யூ, ஏ, யூ. பென்ஸில் அதற்கு அடுத்த மூன்று இலக்கம் எந்த வரிசைக் கார் என்று சொல்லும். 212 என்றால் அந்தக் கால ஈ கிளாஸ், 204 என்றால் சி கிளாஸ். விற்பவர் ஈ என்று சொல்லி இலக்கம் 204 என்று நின்றால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வரலாம்.

"பத்தாவது எழுத்துத்தான் அக்கா வருஷம்" என்று புரோக்கர் தம்பிமார் அடித்துச் சொல்வார்கள். அமெரிக்காவுக்குச் செய்த கார்களில் அது சரி. நம் ஊருக்கு வரும் பென்ஸில் பத்தாவது இடத்தில் ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்றுதான் இருக்கும்: 1 என்றால் இடம், 2 என்றால் வலம். வலப்பக்க ஸ்டியரிங் காரில் 1 இருந்தால் ஏன் என்று கேளுங்கள். வருஷத்துக்கு சீற் பெல்ட்டை முழுதாக இழுத்து அடியில் தைத்திருக்கும் துண்டைப் பாருங்கள், திகதி இருக்கும். கண்ணாடிகளின் மூலையிலும் வருஷக் குறி உண்டு. ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தக் கண்ணாடி மாற்றியது.

ஜப்பானின் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த டொயோட்டா, ஹொண்டாவில் 17 இராது. நடுவில் கோடு போட்ட குட்டை இலக்கம்தான். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இனி இலக்கத்தை எங்கே பார்ப்பது? முன் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் ஒன்று. கதவுத் தூணில் ஒட்டிய தகட்டில் ஒன்று. இரண்டையும் மாற்றுவது பெரிய வித்தையில்லை. நம்ப வேண்டியது மூன்றாவதை. இந்த வரிசை பென்ஸ்களில் முன் வலது சீற்றை முழுதாகப் பின்னுக்குத் தள்ளினால் கம்பளத்தில் ஒரு மடல் தெரியும். அதைத் தூக்கினால் இரும்பிலேயே குத்திய இலக்கம். விற்பவர் "அதெல்லாம் எதுக்கு அம்மா" என்றார். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். போன் லைட்டைப் பக்கவாட்டில் பிடித்தால் குழி நிழலாகத் தெரியும். நேரே பிடித்தால் ஒன்றும் தெரியாது. விரலால் தடவினேன். சுற்றிவர பெயின்ட் ஒரே மாதிரி, பட்டி போட்ட மேடு இல்லை, வெல்டிங் தழும்பு இல்லை. பிறகு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன், சின்ன வயதில் காசை வைத்துத் தேய்ப்போமே, அப்படி. பதினேழும் தாளில் ஏறின.

நம் ஊர்க் காற்றில் உப்பு. கடலோரம் பத்து வருஷம் நின்ற காரில் தகட்டைப் பிடித்த ஆணியும் கொஞ்சம் கறுத்துத்தான் இருக்க வேண்டும். எல்லாம் துருவேறித் தகடு மட்டும் புதுப்பெண் போல மின்னினால் எனக்குச் சந்தேகம் வரும்.

அப்புறம் அநுராதபுரச் சந்திப் பக்கம் ஒரு கராஜில் ஸ்கேனர் போட்டோம். காரின் கணினிக்குள் இருந்த இலக்கமும் தாளும் ஒன்று. அங்கே வேறு இலக்கம் வந்தால் கணினிப் பெட்டி வேறு காரிலிருந்து வந்திருக்கலாம். பில் கேளுங்கள். இன்ஜின் இலக்கத்தையும் கராஜ்காரரிடமே பார்க்கச் சொல்லுங்கள், அது கைக்கு எட்டாத இடம்.

கடைசியாகப் பதிவுப் புத்தகம். போட்டோக் கொப்பி வேண்டாம், மூலப் பிரதி. முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை. விற்பவரின் அடையாள அட்டைப் பெயரும் புத்தகப் பெயரும் பொருந்த வேண்டும். ஓப்பன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தோடு, கைமாறிய கார் எனக்கு வேண்டாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் வாகன இலக்கத்தைக் கொடுத்து விவரம் பார்க்கலாம்.

தாளைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தேன். பன்னிரண்டாவது இடத்தில் தாளில் பூச்சியம், புத்தகத்தில் ஆங்கில எழுத்து ஓ. இந்த இலக்கங்களில் ஐ, ஓ, கியூ மூன்றும் வரவே வராது, 1, 0 என்று குழம்பும் என்பதால் தொடக்கத்திலேயே தவிர்த்துவிட்டார்கள். ஆக இது களவில்லை, யாரோ தட்டச்சில் விட்ட பிழை. ஆனால் அந்தப் பிழையோடு பெயர் மாற்றப் போனால் அலைவது வாங்கியவன்தான். திருத்திக்கொண்டு வாருங்கள், பிறகு விலை பேசலாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டேன். "ஒரு எழுத்துத்தானே பெரியம்மா" என்று தம்பி இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தான். முற்பணம் இன்னும் கொடுக்கவில்லை. பென்சில் தேய்த்த தாள் என் கைப்பையில் இருக்கிறது.