கார்டை மாற்றுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள்

தேவனாம்பட்டினத்தில் இருக்கும் என் அக்கா மகன் போன மே மாதம் போன் செய்தான். "மாமா, புது கம்ப்யூட்டர், பெரிய கிராபிக்ஸ் கார்டு. ஆனா கேம்ல நொடிக்கு 20 பிரேம், அதாவது 20 படம்தான் வருது. இதைக் கொடுத்துட்டு வேற கார்டு வாங்கட்டுமா?"

நேரில் போய்ப் பார்த்தேன். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகியிருந்தான். பிராசசருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸ்தான் மொத்த பாரத்தையும் இழுத்துக்கொண்டிருந்தது. கேபிளைக் கழற்றி, கீழே கார்டில் இருக்கும் போர்ட்டில் போட்டதும் பிரேம் 90-க்கு ஏறியது.

காரணம் தெரியாமல் பொருளை மாற்றுவதுதான் எல்லோரும் செய்யும் பெரிய தவறு. கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டைப் பாருங்கள். 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கார்டு முழு மூச்சாக உழைக்கிறது. ரே டிரேசிங் (ஒளி பட்டுத் தெறிப்பதைக் கணக்கிட்டுக் காட்டுவது), நிழல் போன்ற செட்டிங்கைக் குறைத்தால்தான் வேகம் கூடும். 50, 60 சதவீதத்திலேயே நின்றால் பிராசசரோ ரேமோ அதைக் காக்க வைக்கிறது. பிரேம் அசையாமல் 60-லேயே நிற்கிறதா? அது பழுதே இல்லை. வி-சிங்க் (மானிட்டரின் வேகத்துக்கு மேல் பிரேம் போகாமல் கட்டும் செட்டிங்) போட்டிருக்கும், அல்லது நொடிக்கு 144 முறை படம் மாற்றக்கூடிய 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் விண்டோஸ் செட்டிங்கில் 60-ல் கிடக்கும்.

ரேமை பலரும் கவனிப்பதில்லை. 6000 என்று அட்டையில் போட்ட டிடிஆர்5 ரேம், பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை செட்டிங் பக்கம்) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ரேம் வேக செட்டிங்கை இயக்காத வரை பெரும்பாலும் 4800-ல்தான் ஓடும். இரண்டு ரேம் இருந்தால் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் போடாதீர்கள். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் வழக்கமாக, பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் சரி.

கேபிளை மாற்றியதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் போன். முதல் கால்மணி நேரம் நன்றாக ஓடுகிறதாம், அப்புறம் 50-க்கு விழுகிறதாம். இப்படி ஓடி ஓடி விழுந்தால் சூடுதான் காரணம் என்று முதலில் சந்தேகப்படுங்கள். பிராசசர் 95, 100 டிகிரியை நெருங்கியதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இவனோ கேபினெட்டை மேஜைக்கு அடியில் இருக்கும், கதவு போட்ட அலமாரிக்குள் வைத்திருந்தான். உள்ளே போன சூடு வெளியே வர வழியில்லை. வெளியிலோ அக்னி நட்சத்திர வெயில்.

கடலூர், புதுச்சேரி கடலோர வீடுகளில் இன்னொன்றும் உண்டு. உப்புக் காற்றின் ஈரத்தில் தூசி ஹீட்சிங்க்கில் (சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் தகடுகள்) அப்பிக்கொள்ளும், வெறுமனே ஊதினால் போகாது. கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு அப்புறம் புளோயர் பிடியுங்கள். ஃபேனை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடும். ஈரத்துணி வேண்டவே வேண்டாம். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேராகவும் கேபினெட்டை வைக்காதீர்கள்.

டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்), பயாஸ், கேம் செட்டிங் மூன்றையும் ஒரே இரவில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றுங்கள், அதே இடத்தை மறுபடி விளையாடி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகன் இப்போது கேபினெட்டை மேஜை மேல் வைத்திருக்கிறான். அதே கார்டுதான், மதிய வெயிலிலும் 80-க்குக் கீழே இறங்குவதில்லை.