மணி அடிக்கும் முன்பே முடிய வேண்டிய வேலைகள்: தீயணைப்பு நிலையத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பயிற்சி முடித்து நிலையத்துக்கு வரும் புதியவருக்கு முதல் வாரமே ஒரு குழப்பம் வரும். மணி அடித்தால் என்ன செய்வதென்று தெரியும். அடிக்காத நேரத்தில் என்ன செய்வது? வண்டியைத் துடைப்பது, டிரில், சாப்பாடு என்று பொழுது போய்விடும். ஆனால் தீக்களத்தில் காலை வாரிவிடும் கோளாறுகளில் பெரும்பாலானவை அன்று காலையிலேயே வண்டிக்குள் இருந்தவைதான்: காய்ந்த வாஷர், பாதி காற்றுள்ள சிலிண்டர், சரியாக மூடாத வடிகால் வால்வு. அவற்றை முன்கூட்டியே எப்படிப் பிடிப்பது என்று இங்கே வரிசையாகச் சொல்கிறோம். தமிழ்நாட்டு நிலையங்களை மனத்தில் வைத்து எழுதியது. உங்கள் நிலையத்தின் நிலையாணை வேறு மாதிரி சொன்னால் அதன்படியே செய்யுங்கள்.

படி 1: பி.ஏ. செட்டை முதலில் பாருங்கள்

பணி ஏற்றதும் முதல் பத்து நிமிடம் பி.ஏ. செட் என்னும் மூச்சுக் கருவிக்கு. உங்கள் உயிர் அதில்தான் இருக்கிறது என்பதால் இதை வேறொருவர் பார்த்திருப்பார் என்று விடக்கூடாது.

சிலிண்டரைத் திறந்து கேஜைப் படியுங்கள். பிறகு வால்வை மூடி ஒரு நிமிடம் காத்திருங்கள். முள் 10 பாருக்கு (பார் என்பது அழுத்த அளவு) மேல் இறங்கினால் எங்கோ கசிவு. பெரும்பாலும் சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேரும் இடத்தில் உள்ள ஓ-ரிங்தான் காரணம். அடுத்து, உள்ளே நிற்கும் காற்றை மெல்ல வெளியேற்றுங்கள். முள் 55 பாரை நெருங்கும்போது, காற்று தீரப்போகிறது என்று எச்சரிக்கும் விசில் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அந்த செட்டைத் தனியே எடுத்து வைத்துச் சொல்லிவிடுங்கள்.

முகமூடியைப் போட்டு, காற்று வரும் வழியை உள்ளங்கையால் மூடி, மூச்சை இழுங்கள். முகமூடி முகத்தோடு ஒட்டி அப்படியே நிற்க வேண்டும். இரண்டு நாள் தாடி இருந்தாலும் ஒட்டாது. ஷேவிங் இங்கே அழகுக்காக அல்ல.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் என்றால் 1,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்ற ஏட்டுக் கணக்கில் 45 நிமிடம் வரும். புகைக்குள் ஹோஸை இழுத்துக்கொண்டு படியேறும் ஆள் 60 லிட்டர் இழுப்பார். விசில் அடிக்கும் 55 பாரில் மிச்சம் 330 லிட்டர்தான். அதைத் திரும்பி வருவதற்கான இருப்பாகக் கழித்தால் வேலைக்குக் கிடைப்பது 24 நிமிடம். காலையில் 240 பார் பார்த்துவிட்டு ‘பரவாயில்லை’ என்று விட்டால் அது 18 நிமிடம் ஆகிவிடும். அந்த ஆறு நிமிடத்தை நீங்கள் நிலையத்திலேயே தொலைத்துவிட்டீர்கள்.

படி 2: ஹோஸும் கப்ளிங்கும்

பெண் கப்ளிங்குக்குள் (ஹோஸ் முனையில் இன்னொன்றைச் செருகும் இணைப்பு) விரலை விட்டு வாஷரைத் தடவிப் பாருங்கள். வெடிப்போ, கல்போன்ற இறுக்கமோ இருந்தால் மாற்றுங்கள். வாஷர் இல்லாத இணைப்பில் தண்ணீர் பீய்ச்சும், பிராஞ்சில் (தண்ணீர் பீய்ச்சும் முனைக் குழாய்) அழுத்தம் விழும். ரப்பரில் கிரீஸ் தடவும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தடவாதீர்கள், ரப்பர் உப்பிப் போகும். கப்ளிங்கின் ஸ்பிரிங் பூட்டுகளை இழுத்து விடுங்கள். சேறு காய்ந்து சிக்கிக்கொண்டால் பூட்டியதுபோல் தெரியும், அழுத்தம் ஏறியதும் கழன்று அடிக்கும். காலை உடைக்கும் வேகம் அது.

உபயோகித்த ஹோஸை ஈரத்தோடு சுருட்டி வைக்கக் கூடாது. மடித்து வைப்பதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் மடிப்பு விழும் இடத்தை மாற்றுங்கள். ஒரே இடத்தில் மடிந்தால் அங்கேதான் வெடிக்கும்.

படி 3: பம்ப், டிரைவரோடு சேர்ந்து

இதைத் தனியாகச் செய்யாதீர்கள். டிரைவர் சோதிக்கும்போது பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள்.

வாரம் ஒரு முறையாவது வேக்குவம் சோதனை. பம்பில் உள்ள தண்ணீரை வடித்து, டெலிவரி வால்வு, வடிகால், டேங்க் வால்வு எல்லாவற்றையும் மூடுங்கள். சக்‌ஷன் ஹோஸ்களை (தண்ணீரை உறிஞ்சும் குழாய்கள்) மாட்டிக் கடைசி முனையை மூடியால் அடைத்து, பிரைமரை (பம்பிலுள்ள காற்றை வெளியேற்றும் கருவி) ஓட்டுங்கள். முள் 0.8 பார் அளவுக்குப் போய் நிற்க வேண்டும். பிரைமரை நிறுத்தியதும் முள் சரசரவென்று திரும்பினால் காற்று உள்ளே போகிறது. அந்த ஓட்டை கண்ணில் படாது. அதே பம்பில் தண்ணீர் நிரப்பி 5 பார் அழுத்தம் ஏற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதே இடத்தில் சொட்டும். சக்‌ஷன் ஹோஸ்களைக் கழற்றிவிட்டுத் திரும்பச் சோதித்தால் கோளாறு ஹோஸிலா பம்பிலா என்று தெரிந்துவிடும்.

தண்ணீர்க் கணக்கும் வாய்ப்பாடாக இருக்க வேண்டும். நாசில் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதன் வர்க்கத்தை அழுத்தத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி, மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று கிடைக்கும். 20 மி.மீ. நாசில், 4 பார் என்றால் சுமார் 530 லிட்டர். 4,500 லிட்டர் டேங்க்கில் இரண்டு லைன் போட்டால் நான்கு நிமிடத்தில் காலி! 15 மி.மீ. நாசிலில் அது ஏழரை நிமிடம். ஒரு குடிசைக்கு எந்த நாசில் என்று வண்டியிலிருந்து இறங்கிய பிறகு யோசிக்க முடியாது.

படி 4: வட்டாரத்தை நடந்து பாருங்கள்

நான்கு நிமிடத்துக்கோ ஏழரை நிமிடத்துக்கோ பிறகு தண்ணீர் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்விக்குப் பதில் மணி அடிக்கும் முன்பே நோட்டில் இருக்க வேண்டும்.

கிணறு, குளம், அரிசி ஆலைத் தொட்டி, அடுக்குமாடியின் நிலத்தடித் தொட்டி எல்லாவற்றையும் குறியுங்கள். கிணற்றைப் பொறுத்தவரை நீர்மட்டம்தான் முக்கியம். ஏட்டில் 10 மீட்டர் உறிஞ்சலாம், நடைமுறையில் 7 மீட்டருக்கு மேல் நம்ப வேண்டாம். அந்த 7 மீட்டரும் தண்ணீரிலிருந்து பம்பின் நடுப்பகுதி வரை. பம்ப் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக, தரையிலிருந்து 6 மீட்டர் ஆழம்தான் எல்லை. கார்த்திகையில் கைக்கெட்டும் தண்ணீர் சித்திரையில் கயிறு போட்டாலும் எட்டாது. குடிசைகள் எரிவதோ சித்திரை, வைகாசியில். அதனால் கோடையில் போய் அளந்து எழுதுங்கள்.

வண்டி கிணற்றுக்கு எவ்வளவு பக்கத்தில் போகும் என்பதையும் பாருங்கள். 2.5 மீட்டர் சக்‌ஷன் ஹோஸ் நான்கு இருந்தால் மொத்தமே 10 மீட்டர். அதில் கிணற்றுக்குள் இறங்குவது, கைப்பிடிச் சுவரைத் தாண்டுவது போக மிச்சம் எவ்வளவு? சுவர்மேல் ஹோஸ் திமிலாக மேலெழுந்தால் அங்கே காற்று தங்கிவிடும். ஹோஸ் முனையிலுள்ள ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) தண்ணீருக்குள் ஓரடியாவது மூழ்க வேண்டும். இல்லாவிட்டால் சுழல் உண்டாகிக் காற்றை இழுக்கும்.

தெருக்களில் தாழ்ந்த மின்கம்பி, திருவிழாப் பந்தல், திரும்ப முடியாத சந்து. பள்ளி, திருமண மண்டபம், துணிக்கடைகளில் மாடிப்படி எத்தனை, கூரை எதனால் ஆனது, சமையல் எங்கே நடக்கிறது என்று பாருங்கள். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைப் பறித்த பள்ளித் தீயில் இந்த மூன்றுமே கேள்வியாக நின்றன. பட்டாசு வட்டாரத்தில் இருப்பவர்கள், கூட்டத்தை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று இறந்தவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள் அல்ல, உதவ ஓடிவந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும்தான்.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுக வெடிப்பில் 66 தீயணைப்பு வீரர்கள் இறந்ததன் நினைவாகவே ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடக்கிறது. துண்டுப்பிரசுரம் கொடுக்கப் போகும் அந்த வாரத்திலேயே இந்தக் குறிப்புகளையும் எடுத்துவிடலாம், யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள்.

படி 5: கிணற்று அழைப்புக்குத் தனித் தயாரிப்பு

நம்மூரில் மாடோ ஆளோ கிணற்றில் விழுந்ததாக அழைப்பு அடிக்கடி வரும். அவசரத்தில் சட்டென்று இறங்குவதுதான் உயிருக்கு ஆபத்து. வாயு அளவி சார்ஜ் ஏறியிருக்கிறதா என்று தினமும் பாருங்கள். கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்தில் இறக்கிப் படியுங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் பி.ஏ. செட் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. விளக்கைக் கொளுத்தி இறக்கிப் பார்ப்பது பழைய முறை. ஹைட்ரஜன் சல்பைடு ஆளைச் சாய்க்கும் அளவில் இருந்தாலும் விளக்கு அணையாது. மீத்தேன் இருந்தால் விளக்கே விபத்து. அழுகிய முட்டை நாற்றம் வந்து திடீரென்று நின்றால் நிம்மதி அடையாதீர்கள்: வாயு அதிகமாகும்போது மூக்கு மரத்துப்போகும்.

படி 6: உடம்பும் வீடும்

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் தீயணைப்புப் பணியையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. கரி படிந்த சீருடையை பைக் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழந்தைத் துணியோடு துவைக்க வேண்டாம். களத்திலேயே தண்ணீரால் அலசி, கழுத்து, காது, கை மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடியுங்கள், வெயில் காலத்தில் உப்புப் போட்ட மோர் நல்லது. பணிப்பதிவேட்டில் நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று கல்யாணத்துக்குப் பிறகு பலர் பார்ப்பதே இல்லை. ஒரு மனு எழுதினால் முடிகிற வேலை.

படி 7: ஒப்படைக்கும்போது

பதிவேட்டில் ‘அனைத்தும் சரி’ என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. ‘2ஆம் எண் பி.ஏ. செட், 270 பார், முகமூடி இடப்பக்க வார் தளர்வு, நிலைய அலுவலரிடம் காலை 8.20க்குச் சொல்லப்பட்டது’ என்று எழுதுங்கள். மூத்தவர் ‘அதெல்லாம் ஓடும் தம்பி’ என்று தள்ளினால் வாதாட வேண்டாம். அந்த வாஷரையோ வாரையோ கையில் எடுத்துப்போய்க் காட்டுங்கள், பேச்சைவிட அது எடுபடும்.