பத்துப் பணியிடங்களும் நாலாயிரம் விண்ணப்பங்களும்: ஆள்தேர்வை நேர்மையாக நடத்துவது எப்படி

வேலையில்லாதோர் பெருகியிருக்கும் காலத்தில் ஓர் அரசு அலுவலகம் பத்து எழுத்தர் பணியிடங்களுக்கு அறிவிக்கை வெளியிட்டால், நாலாயிரம் விண்ணப்பங்கள் வந்து குவிவதில் வியப்பில்லை. அவர்களுள் முந்நூறு பேராவது அந்த வேலையைக் குறையின்றிச் செய்யக்கூடியவர்களாக இருப்பார்கள். எனவே தகுதியானவரைக் கண்டுபிடிப்பது இங்கே பெரிய சிக்கலன்று. தகுதியிருந்தும் திருப்பி அனுப்பப்படும் இருநூற்றுத் தொண்ணூறு பேருக்கு என்ன காரணம் சொல்வது என்பதே சிக்கல். அந்தக் காரணத்தை விண்ணப்பங்கள் வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். பெயர்கள் கண்ணில் பட்ட பிறகு எழுதப்படும் எந்த விதியும் யாரோ ஒருவருக்காக எழுதப்பட்டதாகவே பார்க்கப்படும். பல நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கும்.

முதலில் கல்வித் தகுதியை முடிவு செய்யுங்கள். கூட்டத்தைக் குறைப்பதற்காகவே, பள்ளிப்படிப்பு போதுமான வேலைக்குப் பட்டம் கேட்கும் பழக்கம் பரவலாக உள்ளது. அந்த இருக்கையில் இப்போது இருப்பவர் காலை முதல் மாலை வரை உண்மையில் என்ன செய்கிறார் என்று ஒரு வாரம் கவனித்துக் குறிப்பெடுத்தால், தபாலைப் பதிவு செய்வது, கோப்பைத் தேடி எடுப்பது, வருபவருக்குப் பதில் சொல்வது என்று ஒரு பட்டியல் கிடைக்கும். அதற்கு வேண்டியதை மட்டுமே கேளுங்கள். கூடுதலாகப் படித்தவரை அதற்காகவே விலக்கவும் வேண்டாம், அதற்காகத் தனி மதிப்பெண் தரவும் வேண்டாம். படிப்பு முடிந்தபின் வேலையின்றிக் கழிந்த ஆண்டுகளையும் குறையாகக் கருதக் கூடாது.

தம் நாட்டின் அரசுப் பணியில் சமமாகச் சேரும் உரிமை அனைவருக்கும் உண்டு என்று 1948ஆம் ஆண்டின் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம் தன் 21ஆம் உறுப்பில் கூறுகிறது. அறிவிக்கை சிலர் கண்ணில் மட்டும் பட்டால் அந்த உரிமைக்குப் பொருளில்லை. பணியிடங்களின் எண்ணிக்கை, ஊதியம், வயது கணக்கிடப்படும் நாள், எழுத்துத் தேர்வுக்கும் நேர்முகத் தேர்வுக்கும் உரிய மதிப்பெண்கள், இருவர் சம மதிப்பெண் பெற்றால் முன்னுரிமை யாருக்கு, காத்திருப்போர் பட்டியல் எத்தனை மாதம் செல்லும் என்பனவெல்லாம் அதிலேயே இடம்பெற வேண்டும். வருமானமே இல்லாதவரிடம் விண்ணப்பக் கட்டணம் வசூலிப்பது, என் பார்வையில், கதவைச் சாத்துவதற்கு ஒப்பானது. சான்றிதழ்களின் நகல்களையும் இறுதிச் சுற்றுக்கு வருவோரிடம் மட்டும் கேட்டால் போதும்.

எழுத்துத் தேர்வில் விடைத்தாள் யாருடையது என்பது திருத்துபவருக்குத் தெரியக் கூடாது. சோங் அரசமரபுக் காலத்துச் சீனத்திலேயே, தேர்வெழுதியவரின் பெயரை மூடி ஒட்டியதோடு, கையெழுத்தை வைத்து ஆளை அடையாளம் காணாதிருக்க எழுத்தர்களைக் கொண்டு விடைத்தாளைப் படியெடுத்த பின்னரே திருத்தக் கொடுத்தார்கள். இன்று குறியீட்டு எண் போதும். தேர்வு முடிந்த சில நாட்களுக்குள் விடைக்குறிப்பை வெளியிட்டு ஆட்சேபங்களைப் பெறுங்கள். பிழையான வினா ஒன்று இருந்தால் அதை நீங்களே ஒப்புக்கொள்வது வழக்கு வரும் வரை காத்திருப்பதைவிட மேலானது.

நேர்முகத் தேர்வில்தான் சிபாரிசு நுழைகிறது. எழுத்துத் தேர்வுக்கு 85, நேர்முகத்துக்கு 15 மதிப்பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்துதானே என்று தோன்றும். ஆனால் போட்டி கடுமையாக இருப்பதால் அழைக்கப்படும் முப்பது பேரும் 70க்கும் 73க்கும் இடையில் நெருங்கி நிற்பார்கள். நேர்முகத்தில் ஒருவருக்கு 4, இன்னொருவருக்கு 14 என்று போட்டால், மூன்று மதிப்பெண் இடைவெளியைப் பத்து மதிப்பெண் இடைவெளி விழுங்கிவிடும். ஆகவே எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணைத் தேர்வுக் குழுவுக்குக் காட்டாதீர்கள். காட்டினால் ஒருவரைத் தூக்கிவிட எத்தனை மதிப்பெண் தேவை என்று கணக்குப் போட்டுவிடலாம். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். எந்த மாதிரிப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்பதை முன்னதாகவே எழுதி வையுங்கள். உறுப்பினர் ஒவ்வொருவரும் பிறரோடு பேசுவதற்கு முன் தம் மதிப்பெண்ணை மையால் எழுதிக் கையொப்பமிட வேண்டும். இப்படிக் கட்டமைத்த நேர்முகம், மனம்போன போக்கில் நடத்தும் நேர்முகத்தைவிடப் பிற்காலப் பணித்திறனை நன்றாகக் கணிக்கிறது என்பதை ஷ்மிட், ஹன்டர் என்ற உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட தொகுப்பாய்வு காட்டியது. உறவினரோ தெரிந்தவரோ வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே செல்ல வேண்டும், அதைக் குறிப்பேட்டிலும் பதிய வேண்டும்.

நேர்முகம் முடிந்த அன்றே மதிப்பெண் பட்டியலை முத்திரையிட்டு, முடிவை விரைவில் வெளியிடுங்கள். இடையில் கழியும் ஒவ்வொரு வாரமும் "பணம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்" என்று சொல்லும் இடைத்தரகருக்குத்தான் வருமானம். அவர் உள்ளே யாரையும் அறியாதவராக இருந்தாலும் தாமதமே அவருக்குச் சாட்சி சொல்லும். தேர்வாகாதவர் உட்பட அனைவரும் தம் மதிப்பெண்ணையும் கட்-ஆஃபையும் பார்க்க முடிய வேண்டும். மேல்முறையீட்டுக்குக் குழுவில் இல்லாத ஓர் அலுவலரை நியமியுங்கள்.

இத்தனையும் செய்துவிட்டு, அடுத்த அறிவிக்கை வரும் வரை என்று தற்காலிகப் பணியாளர்களை வாய்மொழியாகச் சேர்த்துக்கொண்டால், இரண்டு ஆண்டுகளில் அவர்களே நிரந்தரம் கேட்டு வந்து நிற்பார்கள். ஆகவே தற்காலிக இடத்தையும் காத்திருப்போர் பட்டியலிலிருந்தே, வரிசை மாறாமல், முடிவுத் தேதி குறித்த ஆணையோடு நிரப்புங்கள்.