மெய்நிகர் கணினி ஓடவில்லையா? மென்பொருளை அழிக்காதீர்கள்

ஈசூனில் தங்கை வீட்டுக்கு நான் போய்ச் சேர்வதற்குள், பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவள் மகன் ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை, அதாவது மெய்நிகர் கணினியை, ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை நான்கு முறை நீக்கி, நான்கு முறை நிறுவியிருந்தான். புது மடிக்கணினி, அந்த மெய்நிகர் கணினியில் லினக்ஸ் இயங்குதளம் மட்டும் கிளம்ப மறுத்தது. “மாமா, கடையில் மாற்றிக்கொள்ளலாமா?” என்றான். தங்கை ரசீதை மேசையில் எடுத்தே வைத்துவிட்டாள்.

பிழைச் செய்தியில் என்ன இருந்தது என்று கேட்டேன். படிக்காமலே மூடியிருந்தான். செயலியில் (சிபியு) மெய்நிகர் கணினியை ஓட்ட உதவும் மெய்நிகராக்க வசதி பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே கிளம்பும் அடிப்படை நிரலில், அணைக்கப்பட்டிருக்கிறது என்று அது தெளிவாகவே சொல்லியிருந்தது. இன்டெல் செயலியில் அந்த வசதிக்கு விடி-எக்ஸ் என்று பெயர், ஏஎம்டியில் ஏஎம்டி-வி. டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவைச் சொடுக்கினால், விர்ச்சுவலைசேஷன் இயங்குகிறதா இல்லையா என்று ஒரு வரி காட்டும். அணைந்து கிடந்தால் நாற்பது முறை நிறுவினாலும் பலன் இல்லை.

அதற்காக உடனே பயாஸுக்குள் பாய்ந்துவிடக் கூடாது. விண்டோஸ் 11 வரும் பல புதுக் கணினிகளில் வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். பயாஸில் கைவைத்தால், அடுத்த முறை திறக்கும்போது அந்த மறையாக்கத்தைத் திறக்கும் பிட்லாக்கர் மீட்புச் சாவியை அது கேட்கக்கூடும். பெரும்பாலும் அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கோ தங்கையின் மின்னஞ்சலில். கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை. அதற்கே அரை மணி நேரம். பிறகு அவள் ஆறாறு இலக்கமாக வாசிக்க, 48 இலக்கங்களையும் ரசீதின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டேன். ரசீது அதற்காவது பயன்பட்டது. அவனுடையது ஏஎம்டி செயலி; பயாஸில் ஏஎம்டி-வி என்று தேடினால் கிடைக்கவில்லை, எஸ்விஎம் மோட் என்ற பெயரில் இருந்தது.

அடுத்த சிக்கல், பழைய கணினியில் உறக்க நிலையில் சேமித்த லினக்ஸை அவன் அப்படியே நகலெடுத்திருந்தது. வேறு செயலியில் அந்த நிலை விழித்தெழும் என்று நம்ப முடியாது. பழைய கணினியில் முறையாக அணைத்துவிட்டு, மெய்நிகர் கணினியின் வட்டாக இருக்கும் விடிஐ கோப்பை மட்டும் அல்லாமல் முழுக் கோப்புறையையும் கொண்டுவந்தோம். இருக்கும் 8 ஜிபி நினைவகத்தில் 6 ஜிபியை அதற்கே ஒதுக்கியிருந்தான். விண்டோஸ் எதை வைத்துப் பிழைக்கும்? பாதியாகக் குறைத்தேன்.

ஆப்பிளின் எம் வகைச் சில்லு, ஸ்னாப்டிராகன் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவை இன்டெலிலிருந்து வேறான ஆர்ம் வகை. இன்டெலுக்கான லினக்ஸை அவற்றில் ஏற்றி மல்லுக்கட்டாமல், ஆர்ம் பதிப்பைத் தேடுங்கள்.

ஒருவழியாக லினக்ஸ் கிளம்பியது, ஆமை வேகத்தில். உவமை இல்லை, சாளரத்தின் கீழ் வலது மூலையில் உண்மையிலேயே ஒரு பச்சை ஆமை உட்கார்ந்திருந்தது. விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க மென்பொருளான ஹைப்பர்-வி, செயலியின் வசதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் முதுகில் சவாரி செய்கிறது என்பதற்கான அடையாளம் அது. டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி), மெமரி இன்டெக்ரிட்டி போன்றவை இயங்கினால் இப்படி ஆகும். எல்லாவற்றையும் அணை என்று நண்பர்கள் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். மெமரி இன்டெக்ரிட்டி தீய நிரல்களை இயங்குதளத்தின் மையத்துக்குள் விடாமல் தடுக்கும் காவல். வேகத்துக்காக அதை விலக்க எனக்கு மனமில்லை. ஹைப்பர்-வியை நிறுத்தினால் அவன் பாடத்துக்குத் தேவைப்படும் டபிள்யூஎஸ்எல் 2-உம் நின்றுபோகும். அவன் லினக்ஸில் செய்வதெல்லாம் கறுப்புத் திரையில் கட்டளை தட்டுவதுதான். ஆமையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டோம்.